காஞ்சிப் போர்க்களமும் ஆட்சிக் குறிப்புகளும்: படையலுவலர் தாமஸ் மன்றோ அரசின் ஆலோசகரான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் 1780ஆம் ஆண்டு பயிற்சி நிலை வீரராகச் சேர்ந்த தாமஸ் மன்றோ, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாண ஆளுநரானார். இடைப்பட்ட காலத்தில் ஒற்றறியும் பிரிவின் உதவியாளர், வருவாய் அலுவலர், போருக்குப் பிந்தைய ஆணையத்தின் செயலர், பிரித்தானிய நாடாளுமன்றத்தின் முன் சான்றுரைத்தவர், நீதிச் சீர்திருத்த ஆணையர் எனப் பல நிலைகளில் அரசுக்கு ஆலோசனை வழங்கினார். அவரது பணிவாழ்வின் முதற்பாடம் காஞ்சிபுரத்தை ஒட்டிய பொள்ளிலூர்த் தோல்வியில் அமைந்தது என்பதையும், அப்பாடத்தின் வழி உருவான அறிவு எங்கெங்கு பயன்பட்டது, எங்கெங்கு பிழைத்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தாமஸ் மன்றோ, காஞ்சிபுரம், பொள்ளிலூர், பாராமகால், ரயத்துவாரி, மிராசு, நெசவாளர்.

முன்னுரை

தமிழக வரலாற்றில் தாமஸ் மன்றோவின் பெயர் ரயத்துவாரி நிலவரி முறையோடு பிரிக்க முடியாதவாறு இணைந்துள்ளது. பாடநூல்கள் அவரை ஆளுநராக அறிமுகப்படுத்துகின்றன. சென்னைத் தீவுத்திடலில் நிற்கும் குதிரை வீரர் சிலை அவரைப் படைத்தலைவராகக் காட்டுகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்டதாகிய ஆலோசகர் என்னும் நிலை போதிய கவனம் பெறவில்லை. மன்றோவின் செல்வாக்கு பதவியினால் வந்ததைக் காட்டிலும், அவர் எழுதிய அறிக்கைகளாலும் கடிதங்களாலும் ஆட்சிக் குறிப்புகளாலும் வந்தது. ஆளுநர் பதவியை அடைவதற்கு முன்பே கும்பினியின் கொள்கையை மாற்றும் வலிமை அவரது எழுத்துக்கு இருந்தது.

வாளேந்தியவர் அரசவையில் அறிவுரை கூறுபவராக அமர்வது காஞ்சிக்குப் புதியதன்று. முதற்குலோத்துங்கனின் கலிங்கப் படையெடுப்பை நடத்திய கருணாகரத் தொண்டைமான் படைத்தலைவராகவும் அமைச்சராகவும் போற்றப்பட்டவன். பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மரபு வேறொரு வடிவில் திரும்பியது. இம்முறை ஆலோசகர் கடல்கடந்து வந்த வணிகக் குழுமத்தின் ஊழியர். ஆளப்படும் நாட்டின் மொழியையும் நிலத்தையும் அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அக்கல்வி காஞ்சிபுரத்தில் ஒரு பேரழிவோடு தொடங்கியது.

1780: காஞ்சிபுரமும் பொள்ளிலூரும்

மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவர் தந்தை வர்ஜீனியாவுடன் புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரினால் அவ்வாணிகம் நொடித்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்ற மகன் கும்பினிப் படையில் சேர்ந்து, 1780 சனவரியில் சென்னைக்கு வந்தார். ஆறு மாதங்களுக்குள், சூலை மாதத்தில், ஐதர் அலியின் பெரும்படை கணவாய்களைக் கடந்து கருநாடகப் பகுதிக்குள் இறங்கியது.

அக்காலக் காஞ்சிபுரத்தின் ஆட்சி நிலை இங்குக் கருதத்தக்கது. காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சாகீரை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கும்பினிக்கு அளித்திருந்தார். ஆயினும் அப்பகுதியின் வருவாயைத் தண்டும் உரிமையைக் கும்பினி அந்த நவாபுக்கே குத்தகையாகத் திருப்பி விட்டிருந்தது. ஆகவே, பெயரளவில் உரிமை கும்பினியிடமும், ஊர்களைப் பற்றிய அறிவும் தானியத்தின் மீதான பிடியும் நவாபின் ஆட்களிடமும் இருந்தன. 1780இன் தோல்விக்கு இப்பிளவு ஒரு முதன்மைக் காரணமாயிற்று.

தளபதி எக்டர் மன்றோவின் படை ஆகஸ்டு மாத இறுதியில் பரங்கிமலையிலிருந்து புறப்பட்டுக் காஞ்சிபுரத்தை அடைந்தது. தாமஸ் மன்றோ அப்படையில் இருந்தார். பெயரொற்றுமை காரணமாக இவ்விருவரையும் ஒருவராகக் கொள்ளும் பிழை சில நூல்களில் காணப்படுகிறது. தவிர்க்க வேண்டியது அது. குண்டூரிலிருந்து கர்னல் பெய்லியின் தலைமையில் வந்துகொண்டிருந்த மற்றொரு படை, கொசத்தலையாற்றின் வெள்ளத்தால் தாமதமுற்றது. செப்டம்பர் 6ஆம் நாள் பெரம்பாக்கம் அருகே திப்பு சுல்தான் அதனைத் தாக்கினார். பெய்லிக்குத் துணையாகக் காஞ்சியிலிருந்து பிளெட்சர் தலைமையில் ஒரு பிரிவு அனுப்பப்பட்டது. இரண்டும் சேர்ந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை, செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் சூழப்பட்டு அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியது அழிவை விரைவுபடுத்தியது. பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணத்தில் 1782இல் இறந்தார்.

பொள்ளிலூர் காஞ்சிபுரத்திலிருந்து சில மணி நேர நடைத் தொலைவில் உள்ளது. பீரங்கி ஒலி கேட்கும் அண்மையில் இருந்தும் முதன்மைப் படை உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. காஞ்சியில் சேர்த்து வைத்த உணவுப்பொருளைக் காக்க வேண்டிய கட்டாயம் ஒன்று. நவாப் அளிப்பதாகச் சொன்ன தானியமும் மாடுகளும் வாராமை மற்றொன்று. பகைவரின் இருப்பிடம் குறித்த நம்பத்தகுந்த செய்தி இல்லாமை மூன்றாவது. மறுநாள் எக்டர் மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளமொன்றில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

இந்நிகழ்வுகளைத் தாமஸ் மன்றோ தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் விரிவாக விவரித்தார். மேலதிகாரிகளின் முடிவுகளை அஞ்சாமல் எடைபோடும் போக்கு அப்பத்தொன்பது வயது இளைஞரிடமே காணப்படுகிறது. ஊர் மக்களிடமிருந்து செய்தி பெற இயலாத படை, எண்ணிக்கையில் எத்துணைப் பெரிதாயினும் குருட்டுப்படையே என்பதை அவர் நேரில் கண்டார். அதே போரின் போது தொண்டை நாட்டு ஊர்கள் பாழ்பட்டதையும், குடிகள் சிதறியதையும், தொடர்ந்து வந்த பஞ்சத்தையும் அவர் காண நேர்ந்தது.

ஒற்றறிதலிலிருந்து வருவாய்க்கு: பாராமகால் ஆண்டுகள்

போர் முடிந்தபின் மன்றோ பாரசீகத்தையும் இந்துஸ்தானியையும் கற்றார். மொழித்திறன் காரணமாக 1788இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீட்டின் கீழ் ஒற்றறியும் பிரிவில் உதவியாளரானார். மைசூர் எல்லையில் செய்தி திரட்டுவதே அப்பிரிவின் பணி. எந்த ஊரில் எவ்வளவு தானியம் உண்டு, எந்தப் பாளையக்காரர் யார் பக்கம் நிற்பார், எந்தக் கணவாயில் வண்டி செல்லும் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதில் அவர் பயிற்சி பெற்றார். 1780இல் காஞ்சியில் எவை தெரியாமற் போயினவோ, அவற்றையே திரட்டும் பணி இது.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினிக்குக் கிடைத்தது. இன்றைய கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகள் அதில் அடங்கும். தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் அதன் நிருவாகத்தைக் குடிமை ஊழியரிடம் ஒப்படைக்காமல் ரீட்டிடமும் அவருடைய படைத்துறை உதவியாளர் மூவரிடமும் ஒப்படைத்தார். சென்னைக் குடிமை ஊழியருள் நாட்டு மொழி அறிந்தோர் அரியர் என்பதே அதற்குரிய காரணம். கிரஹாம், மெக்லியாட் ஆகியோரோடு மன்றோவும் அம்மூவருள் ஒருவர்.

தருமபுரியில் தங்கிய மன்றோ ஊர்தோறும் சென்று, வயல்தோறும் அளந்து, குடிகளோடு நேரடியாகத் தீர்வை பேசினார். இடைத்தரகரை நீக்கி உழவரோடு அரசு நேரே உடன்படும் முறை இங்கு உருப்பெற்றது. ரீட் 1796இல் வெளியிட்ட அறிவிப்பு, உழவர் ஆண்டுதோறும் தாம் விரும்பிய நிலத்தை ஏற்கவும் விடவும் உரிமை அளித்தது. ரயத்துவாரி முறையைத் தோற்றுவித்தவர் மன்றோ என்பது பொதுக்கூற்று. ஆயினும் தொடங்கியவர் ரீட். அதனை வாதமாக வளர்த்து, அரசு ஏற்கும் கொள்கையாக மாற்றியவர் மன்றோ.

ஒற்றரின் வினாக்களும் வருவாய் அலுவலரின் வினாக்களும் இங்கு ஒன்றாகின்றன. நிலத்தின் பரப்பு, கிணறுகளின் எண்ணிக்கை, மாடுகளின் தொகை, கணக்கரின் மறைப்பு ஆகியவை போர்க்காலத்தில் படைக்கு வேண்டிய செய்திகள். அமைதிக்காலத்தில் அவையே வரிக்கு அடிப்படை. ஆகவே, ரயத்துவாரியை உழவர் நலனில் மட்டும் பிறந்த முறையாகக் கருதுதல் பொருந்தாது. ஒவ்வொரு வயலும் அரசின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்னும் படையலுவலரின் தேவையும் அதனுள் இருந்தது.

அறிக்கை எழுதுபவரின் செல்வாக்கு

நான்காம் மைசூர்ப் போருக்குப் பின், 1799இல் அமைக்கப்பட்ட மைசூர் ஆணையத்துக்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலர்களாயினர். பின்னர் கன்னட நாட்டுக் கடற்கரைப் பகுதியிலும், 1800 முதல் 1807 வரை நிசாமிடமிருந்து பெற்ற பெல்லாரி, கடப்பை முதலிய மாவட்டங்களிலும் மன்றோ தலைமை ஆட்சியராகப் பணியாற்றினார். அங்கு ஏறத்தாழ எண்பது பாளையக்காரர் இருந்தனர். அவர்களை அடக்கியதில் படையலுவலரின் கடுமை வெளிப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்தில் கழித்து ஊர்களைச் சுற்றியதில் ஆய்வாளரின் பொறுமை வெளிப்பட்டது.

1807 ஆகஸ்டில் அவர் அளித்த அறிக்கை அவரது ஆலோசனைகளுள் முதன்மையானது. அளவையால் விதித்த தீர்வையை நூற்றுக்கு 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு மேலும் குறைக்க வேண்டும் என்றும் அதில் பரிந்துரைத்தார். தாம் விதித்த வரி மிகை என்பதைத் தாமே ஒப்புக்கொண்ட அறிக்கை அது. வருவாய் குறையும் என்று அஞ்சிய மேலிடம் அதனை ஏற்கவில்லை. அவர் இங்கிலாந்துக்குச் சென்றபின் அம்மாவட்டங்களில் ஊர்க்குத்தகை முறை புகுத்தப்பட்டது. குத்தகையாளர் பலர் நொடித்தனர். மன்றோவே ஆளுநரான பிறகுதான் அக்குறைப்பு நடைமுறைக்கு வந்தது. சரியான ஆலோசனைக்கும் அது ஏற்கப்படுவதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கடந்தன. அந்த இடைவெளியின் சுமையை உழவர் தாங்கினர்.

அரசியல் உறவுகள் குறித்தும் அவர் ஆலோசனை வழங்கினார். 1817 ஆகஸ்டில் தலைமை ஆளுநர் ஏஸ்டிங்சுக்கு எழுதிய கடிதத்தில், துணைப்படைத் திட்டம் இந்திய அரசர்களைப் பொறுப்பற்றவர்களாக்கி, ஆளப்படும் மக்களையும் தாழ்த்துகிறது என எச்சரித்தார். அதே ஆண்டு தொடங்கிய மராத்தியப் போரில் சிறுபடையுடனும் உள்ளூரில் திரட்டிய ஆட்களுடனும் தென்மராத்தியப் பகுதியைக் கைப்பற்றினார். 1818 பிப்ரவரியில் பாதாமிக் கோட்டை அவரிடம் வீழ்ந்தது. காஞ்சிப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வென்ற வாதாபியே இப்பாதாமி. வரலாற்றில் இது தற்செயலான பொருத்தமேயாயினும், 1780இன் தோல்வியோடு ஒப்பிடுகையில் வேறுபாடு தெளிவாகிறது. காஞ்சியில் ஊர் மக்கள் பெரும்படையிடமிருந்து விலகி நின்றனர். பாதாமிப் பகுதியில் அவர்களுள் ஒரு பகுதியினர் சிறுபடையோடு சேர்ந்து நின்றனர்.

நாடாளுமன்றத்தின் முன் நெசவாளர் சான்று

கும்பினியின் பட்டயம் புதுப்பிக்கப்பட்ட 1813ஆம் ஆண்டில் மன்றோ பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் சான்றுரைத்தார். நெசவு நகரமான காஞ்சிக்கும் பிற கைத்தறி ஊர்களுக்கும் நேரடித் தொடர்புடையது அவரது சான்றின் இப்பகுதி. பாராமகாலில் கும்பினியின் வாணிக ஊழியர் முதன்மை நெசவாளரை ஒன்றுதிரட்டி, கும்பினிக்கு மட்டுமே துணி தருவதாக ஒப்பந்தம் செய்யும்வரை அவர்களைக் காவலில் நிறுத்தினர் என்பதை அவர் வெளிப்படையாகக் கூறினார். தம் முதலாளியாகிய கும்பினியின் செயலைப் பற்றி அதன் ஊழியர் ஒருவர் அளித்த இச்சான்றினைப் பிற்காலத்தில் ரமேஷ் சந்திர தத் போன்ற பொருளியல் வரலாற்றாசிரியர் எடுத்தாண்டனர்.

அதே சான்றில், இந்தியத் துணியின் தரம் உயர்ந்தது என்றும், பிரித்தானியத் துணிக்கு இங்கு மிகுந்த விற்பனை இராது என்றும் மன்றோ கருத்துரைத்தார். தாம் பல ஆண்டுகள் பயன்படுத்திய இந்தியச் சால்வையை எடுத்துக்காட்டாகக் கூறினார். தரம் பற்றிய அவரது மதிப்பீடு சரியானது. சந்தை பற்றிய முன்னறிவிப்பு பிழையானது. பட்டயச் சட்டம் கும்பினியின் இந்திய வாணிகத் தனியுரிமையை நீக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் ஆலைத் துணியும், பின்னர் ஆலை நூலும் இந்தியச் சந்தையில் பெருகின. நெசவாளரின் திறமையை அறிந்திருந்தவர், நீராவி எந்திரத்தின் விலைக்குறைப்பு ஆற்றலைக் கணிக்கவில்லை. நேரில் கண்டதையே அறிவாகக் கொண்ட ஆலோசகரின் வலிமையும் எல்லையும் இவ்வொரு சான்றில் இணைந்து காணப்படுகின்றன.

ஆளுநரின் குறிப்புகள்: அகலமும் குறுக்கமும்

நீதித்துறைச் சீர்திருத்த ஆணையராக 1814இல் திரும்பிய மன்றோவின் பரிந்துரைகள், 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களாயின. ஊர் முனிசீப்பு, பஞ்சாயத்து விசாரணை, காவல்துறையை ஆட்சியரின் பொறுப்பில் விடுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். 1820 சூனில் ஆளுநரானபின், 1822இல் மாகாணத்தின் நாட்டுக் கல்வி குறித்துக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பு 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகத் தொகுத்துரைத்தது. ஆங்கிலக் கல்வி பரவுவதற்கு முந்தைய தமிழகக் கல்வி நிலையை ஆராய்வோர்க்கு இன்றும் அடிப்படைச் சான்று இதுவே.

1824 திசம்பர் 31 நாளிட்ட நெடுங்குறிப்பில், இந்தியரை உயர்பதவிகளிலிருந்து விலக்குவது அவர்களின் பண்பையே தாழ்த்தும் என்றும், நாட்டை நாட்டவரே ஆளும் தகுதி பெறும்வரை ஆங்கிலேயர் தம் கடமையைச் செய்ய வேண்டும் என்றும் வாதிட்டார். எனினும் 1822 ஏப்ரலில் அவர் எழுதிய மற்றொரு குறிப்பு பத்திரிகைச் சுதந்திரத்தை எதிர்த்தது. அச்சுச் செய்தி நாட்டுப் படைவீரரிடையே பரவினால் ஆட்சி நிலைக்காது என்பதே அவரது அச்சம். பதவி தரலாம், கல்வி தரலாம், கருத்துரிமை தரலாகாது என்ற இந்நிலைப்பாட்டில், ஆலோசகரின் உள்ளே படையலுவலர் மறையாமல் இருந்தமை தெளிவாகிறது.

காஞ்சிபுரம் உள்ளிட்ட தொண்டை மண்டலத்தைப் பொறுத்தவரை மிராசுரிமை பற்றிய அவரது கருத்து சிறப்பாக ஆராயத்தக்கது. ஊர் நிலம் முழுவதிலும் மிராசுதாரர்க்குப் பங்குரிமை உண்டு என்பதைத் தமிழ்ச் செப்பேடுகளையும் பழைய ஆவணங்களையும் கொண்டு எல்லிஸ் விளக்கியிருந்தார். மன்றோ தம் குறிப்பில் அவ்வுரிமையின் மதிப்பைக் குறைத்தே கணித்தார். அவரது அனுபவம் பெரும்பாலும் புன்செய் நிலம் மிகுந்த பாராமகாலிலும் பெல்லாரிப் பகுதியிலும் பெற்றது. ஏரிப் பாசனமும் பங்குமுறையும் கொண்ட காஞ்சி வட்டாரத்தின் அமைப்பு அதிலிருந்து வேறுபட்டது. தனி உழவர், தனி வயல், தனிப் பட்டா என்னும் சட்டகத்தில் பொதுப் பங்குரிமை எளிதில் அடங்கவில்லை. மிராசுதாரரின் நிலத்தில் உழைத்த பண்ணையாட்களோ எல்லிசின் வாதத்திலும் மன்றோவின் வாதத்திலும் உரிமையுடையோராக இடம்பெறவில்லை.

மதிப்பீடு

இராயலசீமைப் பகுதியில் குழந்தைகளுக்கு ‘மன்றோலப்பா’ எனப் பெயரிடும் வழக்கம் இருந்தது. அயல்நாட்டு அலுவலர் ஒருவர்க்குக் குடிகள் அளித்த அரிய மதிப்பு அது. மறுபுறம், அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குள், வரி தண்டுவதற்காக உழவர் வதைக்கப்பட்டதைச் சென்னை வதை விசாரணை ஆணையம் 1855இல் பதிவு செய்தது. ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஆட்சியரும், குறைந்த தீர்வையும் இருந்தால் மட்டுமே இயங்கக்கூடிய முறை ரயத்துவாரி. அவ்விரண்டும் இல்லாத இடத்தில், உழவர்க்கும் அரசுக்கும் இடையே எவரும் இல்லை என்பது, உழவரைக் காக்கவும் எவரும் இல்லை என்பதாக மாறியது.

முடிவுரை

மன்றோ 1827 சூலை 6ஆம் நாள், பதவியிலிருந்து விடைபெறும் முன் தாம் பணியாற்றிய மாவட்டங்களைக் காணச் சென்றபோது, பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட அவர் உடல் பின்னர்ச் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மேரி ஆலயத்துக்கு மாற்றப்பட்டது.

இக்கட்டுரையின் முடிவுகளை மூன்றாகத் தொகுக்கலாம். ஒன்று, நாட்டை அறியாமல் நாட்டில் நிற்க முடியாது என்பதைக் காஞ்சிபுரத்தில் கண்டவர், அறிவைத் திரட்டுவதையே ஆட்சியின் முதற்பணியாகக் கொண்டார். இரண்டு, அவ்வறிவு நேரில் கண்ட இடங்களில் உழவர்க்கும் நெசவாளர்க்கும் சார்பான சான்றாக அமைந்தது. காணாத இடங்களில், சிறப்பாகத் தொண்டை மண்டலத்தின் பங்குரிமையிலும் துணிச் சந்தையின் போக்கிலும், பிழைபட்டது. மூன்று, அவரது ஆலோசனையின் நன்மை அதனை நிறைவேற்றும் மனிதரைச் சார்ந்திருந்தது. எனவே அவரோடு அதன் பெரும்பகுதி மறைந்து, வரி தண்டும் கட்டமைப்பு மட்டும் நிலைத்தது. காஞ்சி வட்டாரத்து மிராசு ஆவணங்களையும் ரயத்துவாரிப் பதிவேடுகளையும் ஊர்வாரியாக ஒப்பிட்டு ஆராய்வது, இம்மாற்றத்தை ஆளுநரின் பார்வையிலிருந்து விலக்கி ஊரின் பார்வையில் காண வழிசெய்யும்.